சிவப்புக் கோடுகளைக் கண்டு ஓடாதீர்கள்

அந்தப் படம் மறுபடியும் வந்துவிட்டது. உலகக் கடல்களின் அடித்தரையை வண்ணம் தீட்டிக் காட்டும் படம். ஒவ்வொரு பெருங்கடலின் நடுவிலும் பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் போல ஒரு சிவப்புக் கோடு. கூடவே செய்தி: "கடலுக்கு அடியில் பூமி பிளக்கிறது, சிவப்பு இடங்களில் நெருப்புக் குழம்பு மேலே வந்துவிட்டது, மூன்று நாளில் சுனாமி, உடனே பகிரவும்." நடுக்கடலில் எங்காவது 6 அளவில் ஒரு நிலநடுக்கம் பதிவானால் போதும், இது கிளம்பிவிடுகிறது. இந்த முறை எனக்கு அனுப்பியவர்களில் பொறியாளர்கள் இருந்தார்கள், புவியியல் ஆசிரியர் ஒருவரும் இருந்தார். தெரிந்தவர் ஒருவர், நடக்க முடியாத தாயை நள்ளிரவில் கரையோர வீட்டிலிருந்து கிளப்பி, இரவு முழுவதும் காரிலேயே உட்கார வைத்திருந்திருக்கிறார். மறுநாள் எனக்கே செய்தி அனுப்புகிறார்: நல்லவேளை, சுனாமி வரவில்லையாம்.

கடலின் தரை நடுவில் விலகி, அங்கே புதிய தரை உண்டாவதைக் கடலடி விரிவு என்போம். அதை ஆராய்வதே என் பிழைப்பு. பல ஆண்டுகளாகத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் படத்துக்கு வருவோம். அது பாறைகளின் வயதைக் காட்டும் படம். சிவப்பு இளம் பாறை. மஞ்சள், பச்சை, நீலம் என்று போகப் போக முதிய பாறை. மூலப் படத்தின் அடியில் பூச்சியத்தில் தொடங்கி 18 கோடி ஆண்டுகள் வரை போகும் அளவுகோல் ஒன்று இருக்கும். பகிர்கிறவர்கள் அதை மட்டும் கவனமாக வெட்டிவிடுகிறார்கள். சிவப்பைத் தேர்ந்தெடுத்தது எங்கள் துறைக்காரர்கள்தான் என்பதை மறுக்கவில்லை. இளம் பாறைக்கு வெளிர்பச்சையைக் கொடுத்திருந்தால் பாதித் தொல்லை குறைந்திருக்கும்.

அந்த வயதை எப்படிக் கண்டோம் என்பது, எங்கள் வேலை எவ்வளவு நிதானமானது என்பதைக் காட்டும். கப்பலின் இரும்பு குறுக்கிடாதபடி, சில நூறு மீட்டர் பின்னால், நீண்ட கம்பிவடத்தில் காந்தமானி ஒன்றை இழுத்துச் செல்வோம். படத்தில் சிவப்புக் கோடு ஓடும் இடம்தான் நடுக்கடல் மலைத்தொடர்; அதற்குக் குறுக்கே கப்பல் நேர்கோட்டில் போக வேண்டும். தலைமாலுமிக்கு இது பிடிக்கவே பிடிக்காது. திரையில் ஒரு கோடு ஏறும், இறங்கும். புவியின் மொத்தக் காந்தப்புலம் பல்லாயிரம் நேனோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). நாங்கள் தேடும் ஏற்ற இறக்கம் அதில் சில நூறுதான். சூரியனால் நாள்தோறும் வரும் மாறுதலைக் கழித்த பிறகு, மலைத்தொடரின் ஒரு பக்கத்துக் கோட்டைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்துக் கோட்டின் மேல் வைத்தால், மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் பொருந்தும். பாறை உறையும்போது அன்றைய காந்தத் திசையைப் பதிந்துகொள்கிறது. புவிக்காந்தம் இடையிடையே தலைகீழாகத் திரும்புகிறது. உறைந்த பாறை இரு பக்கமும் விலகிப் போகிறது. காந்தம் எப்போதெல்லாம் திரும்பியது என்று தெரிந்தால், அந்த மேடு பள்ளங்களே பாறையின் வயதைச் சொல்லிவிடும். 1963இல் ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் இதைச் சொன்னார்கள். அவர்கள் கையில் இருந்தது இந்தியப் பெருங்கடலின் வடமேற்கில் உள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் அளவீடு. லாரன்ஸ் மோர்லி என்ற கனடாக்காரர் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். அவருடைய கட்டுரையை இதழ்கள் திருப்பி அனுப்பின. 1966இல் தென் பசிபிக்கில் ‘எல்டானின்’ என்ற ஆய்வுக் கப்பல் கொண்டுவந்த கோடு இரு பக்கமும் அச்சுப் பிசகாமல் பொருந்தியபோதுதான் பலர் வாயை மூடினார்கள். (காந்தம் திரும்பினால் உலகம் அழியும் என்று ஒரு கிளைக் கதையும் சுற்றுகிறது. கடைசியாகத் திரும்பியது ஏறக்குறைய 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. நம் முன்னோர் அப்போதும் இருந்தார்கள், அதற்குப் பிறகும் இருந்தார்கள்.)

விரிவின் வேகம் அட்லாண்டிக்கில் ஆண்டுக்கு 2 முதல் 4 சென்டிமீட்டர். கிழக்குப் பசிபிக் மலைத்தொடரில் வேகமான இடங்களில் 15 சென்டிமீட்டர் வரை போகும். மூன்று நாளில் எதுவும் ஆகாது. புதிய தரை உண்டாகும் அளவுக்குப் பழைய தரை ஆழ்கடல் அகழிகளில் உள்ளே போய்விடுவதால் பூமி பெருத்துவிடவும் இல்லை.

இப்போது என்னை உண்மையிலேயே கோபப்படுத்தும் விஷயம். "தட்டுகள் நெருப்புக் குழம்பில் மிதக்கின்றன." தட்டுகள் என்பவை புவியின் மேற்புறத்தை மூடியிருக்கும் மாபெரும் பாறைத் துண்டுகள். பாடநூல் படங்களில் தட்டுக்கு அடியில் ஆரஞ்சு நிறத்தில் கொதிக்கும் கடல் ஒன்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். அப்படியொரு கடல் அங்கே கிடையாது. தட்டுகளுக்கு அடியில் இருக்கும் மேன்டில் திடப் பாறை. சந்தேகமிருந்தால் நிலநடுக்கப் பதிவு ஒன்றைப் பாருங்கள். நிலநடுக்கத்திலிருந்து கிளம்பும் குறுக்கலைகள் திரவத்துக்குள் செல்ல முடியாதவை. அவை நாள்தோறும் மேன்டிலைக் கடந்து உலகெங்கும் உள்ள நிலையங்களை வந்தடைகின்றன. அவை நின்றுபோவது சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில், புவியின் மையத்தைச் சூழ்ந்த வெளிக்கருவில்தான். அங்கேதான் திரவம் இருக்கிறது; அதுவும் உருகிய இரும்பு, எரிமலைக் குழம்பு அன்று.

தட்டின் அடியில் வெப்பம் சுமார் 1,300 பாகை செல்சியஸ், அப்படியிருந்தும் எப்படித் திடமாக இருக்கும் என்று கேட்பார்கள். அழுத்தத்தால். மேலே உள்ள பாறையின் எடை உருகுநிலையை உயர்த்திவிடுகிறது. திடமாக இருந்துகொண்டே கோடிக்கணக்கான ஆண்டுகளில் அது நகரவும் செய்யும், மலைச்சரிவில் பனியாறு நகர்வதைப் போல. பனியாறு தண்ணீர் இல்லை. இருந்தும் அது ஓடுகிறது. உருகுதல் நடக்கும் இடங்களில் ஒன்று நடுக்கடல் மலைத்தொடர். அங்கே தட்டுகள் விலகுகின்றன, இடைவெளியை நிரப்பப் பாறை மேலே வருகிறது, வர வர அழுத்தம் குறைகிறது, அதில் சிறு பங்கு உருகுகிறது. உருகியது மேலே வந்து உறைந்து ஆறேழு கிலோமீட்டர் தடிமனுள்ள கடலடி ஓடாகிறது.

வரிசையைக் கவனியுங்கள். தட்டு விலகுவது முதலில். குழம்பு வருவது அதன் விளைவு. குழம்பு முட்டித் தள்ளித் தட்டைப் பிளக்கிறது என்று தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். தட்டை நகர்த்துவதில் பெரும்பங்கு எங்கோ தொலைவில், அதன் மறுமுனையில் இருக்கிறது: ஆறிக் கனத்துப்போன பழைய தரை அகழிக்குள் அமிழும்போது மீதியையும் இழுத்துக்கொண்டு போகிறது. அடியில் அடைபட்ட நெருப்பு எந்த நேரமும் வெடிக்கக் காத்திருக்கிறது என்ற பயத்துக்கு இதில் இடமே இல்லை.

மலைத்தொடரில் எரிமலை வெடித்தால்? வெடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அமெரிக்காவின் ஒரேகான் கரைக்கு அப்பால் ஹுவான் டி ஃபூக்கா மலைத்தொடரில் ஆக்சியல் என்ற கடலடி எரிமலை 1998, 2011, 2015 ஆகிய ஆண்டுகளில் குழம்பைக் கக்கியது. 2015இல் வழிந்த குழம்பு சில இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் தடித்திருந்தது. கரையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கருவிகளுக்குத் தெரிந்தது, எங்களுக்குத் திருவிழா. கரக்காட்டோவா, டோங்கா என்று உடனே எடுத்துக்காட்டுகள் வரும். அவை தட்டு அமிழும் விளிம்புகளில் எழுந்த எரிமலைகள்; குழம்பின் தன்மையே வேறு.

ஆபத்தும் அந்த விளிம்புகளில்தான். மலைத்தொடரின் அச்சில் தட்டு மெல்லியது, சூடானது. பெரும் நிலநடுக்கத்துக்கு வேண்டிய பரந்த, குளிர்ந்த பாறைப்பரப்பு அங்கே இல்லை. மலைத்தொடரைக் குறுக்கே வெட்டும் பிளவுகளில் அளவு 7 வரையும் சில வேளை அதற்கு மேலும் போகும். ஆனால் பாறை பக்கவாட்டில் நழுவுமே தவிர, கடலைத் தூக்கிவிடாது. அளவு எண்ணை மட்டும் பார்த்துப் பதறுகிறவர்கள் இரண்டு நிகழ்வுகளை ஒப்பிட வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அப்பால், அமிழும் விளிம்பில் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை வழுக்கியது, அளவு 9.1. கடலடி சில மீட்டர் உயர்ந்தது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2012 ஏப்ரல் 11 அன்று அதே பகுதிக்குச் சற்று மேற்கே, தட்டின் உட்பகுதியில் 8.6 அளவில் ஒரு நிலநடுக்கம், இரண்டு மணி நேரத்தில் 8.2 அளவில் இன்னொன்று. இரண்டும் பக்கவாட்டு நழுவல். கரையில் பதிவான அலை ஒரு மீட்டர் அளவோடு நின்றது. பக்கவாட்டு நழுவல் என்றால் பயமே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது: 2018இல் இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் உள்ள பாலு விரிகுடாவில் அப்படியொரு நிலநடுக்கத்துக்குப் பிறகும் சுனாமி வந்தது. குறுகிய விரிகுடா, நீருக்கடியில் மண்சரிவு என்று அதற்கு வேறு காரணங்கள் கூடிவிட்டன. இதனால்தான் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் வேலையை உங்களிடம் யாரும் கொடுக்கவில்லை.

தேதி சொல்லும் செய்திகளைப் பற்றி ஒரே ஒரு எடுத்துக்காட்டு. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் சராசரியாக 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை 6 அளவில் நிலநடுக்கம் வந்துகொண்டிருந்தது. அடுத்தது 1993க்குள் வந்துவிடும் என்று எதிர்பார்த்து, அந்தப் பிளவு முழுக்கக் கருவிகளை நட்டு வைத்துக் காத்திருந்தார்கள். அது 2004 செப்டம்பரில் வந்தது, நம்பத்தக்க முன்னறிகுறி எதையும் காட்டாமல். அத்தனை கருவிகளுக்கும் பிடிபடாத நாள், உங்கள் கைப்பேசிக்கு யாரோ தட்டச்சு செய்து அனுப்பும் செய்திக்குத் தெரியுமா? நாள், நேரம், இடம் மூன்றும் சொல்லி வரும் எதையும் அப்படியே அழித்துவிடுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று பகிர வேண்டாம். பொய் எச்சரிக்கைக்குப் பலமுறை ஓடியவர், மெய்யான எச்சரிக்கை வரும் நாளில் எழுந்திருக்க மாட்டார். எனக்கு இருக்கும் பெரிய பயம் அதுதான்.

செய்ய வேண்டியவை வேறு. கட்டடத்துக்குள் இருக்கும்போது நிலம் ஆடினால் வெளியே ஓடாதீர்கள்; குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, ஆட்டம் நிற்கும்வரை அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உயரமான அலமாரிகளை இன்றே சுவரோடு பிணையுங்கள். பலரைக் காயப்படுத்துவது வீட்டுச் சாமான்கள்தான்.

கரையில் இருக்கிறீர்கள், நிற்க முடியாதபடி ஆடுகிறது, அல்லது ஆட்டம் அரை நிமிடத்துக்கு மேல் நீள்கிறது என்றால், ஆட்டம் நின்றதுமே, யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்காமல் மேட்டுக்கோ உள்நாட்டுக்கோ நடையைக் கட்டுங்கள். கடல் திடீரென உள்வாங்கினாலும் அப்படியே. தரை தெரிகிறது, மீன் துள்ளுகிறது என்று வேடிக்கை பார்க்க இறங்காதீர்கள், தயவுசெய்து. ஆட்டம் மெலிதாக இருந்தாலோ உணரவே இல்லை என்றாலோ, உங்கள் நாட்டின் அதிகாரபூர்வ சுனாமி எச்சரிக்கை மையம் சொல்வதைக் கேளுங்கள். 1896இல் ஜப்பானின் சான்ரிக்குக் கரையில் நடுக்கம் மெலிதாகத்தான் இருந்தது. பின்னால் வந்த அலை சுமார் 22,000 பேரைக் கொண்டுபோனது. 

முதல் அலை வடிந்ததும் திரும்பி வராதீர்கள். இரண்டாவதோ மூன்றாவதோ அதைவிடப் பெரிதாக இருக்கலாம். இடையில் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். எச்சரிக்கை வரும்போது ஆழ்கடலில் படகில் இருப்பவர்கள் கரைக்கு விரையாமல் அங்கேயே இருங்கள். அங்கே அலை உங்களுக்கு அடியில் தெரியாமலே கடந்துவிடும். துறைமுகத்துக்குத் திரும்புவது, அபாயம் நீங்கியது என்று மையம் அறிவித்த பிறகு.