அடுத்தவர் வலி நமக்குள் ஏறுவது எப்படி?

வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸுக்குச் சீனியர்கள் சொல்வது: "எதையும் மனசுல ஏத்திக்காதே." எப்படி ஏற்றிக்கொள்ளாமல் இருப்பது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

2004-இல் மூளை ஆய்வாளர் தானியா சிங்கரின் குழு லண்டனில் 16 ஜோடிகளைச் சோதித்தது. பெண் மூளை ஸ்கேனருக்குள், அவர் கையிலும் துணைவர் கையிலும் மாறி மாறி மின்அதிர்ச்சி. தன் கையில் பட்டபோது, மூளையில் வலி எங்கே என்று அறியும் பகுதியும் வேதனையை உணரும் இன்சுலா, முன் சிங்குலேட் பகுதிகளும் வேலை செய்தன. துணைவருக்குப் பட்டபோது முதலாவது சும்மா இருந்தது. வேதனைப் பகுதிகள் மட்டும் விழித்தன. ஒரே ஷிஃப்டில் முப்பது படுக்கைகளைப் பார்ப்பவரை நினைத்துப் பாருங்கள்.

இதை அடக்க முடியும். ஊசி குத்தும் படங்களைத் தைவானில் அக்குபங்சர் மருத்துவர்களுக்குக் காட்டியபோது, மற்றவர்களிடம் விழித்த அந்தப் பகுதிகள் அவர்களிடம் அடங்கியே இருந்தன. தொழிலுக்குத் தேவையான திறமைதான். ஆனால் கதவு நிரந்தரமாகச் சாத்திக்கொண்டால், நோயாளியின் பெயர் மறைந்து "ஏழாம் நம்பர் பெட்" மட்டும் மிஞ்சும். பர்ன்அவுட், அதாவது வேலையிலேயே தீய்ந்துபோகும் நிலைக்கு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் சொன்ன மூன்று அடையாளங்களில் இந்த விட்டேற்றித்தனமும் ஒன்று.

இன்னொரு வழி, "எனக்கே இப்படி வந்தால்?" என்ற கேள்வியை விட்டு "இவருக்கு இப்போது என்ன தேவை?" என்று கேட்பது. முதல் கேள்வி நம் பதற்றத்தைத்தான் கூட்டும். ஓல்கா கிளிமெக்கியும் சிங்கரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் துன்பத்தைத் தன்னுள் உணரப் பழகியவர்கள் சோர்ந்தார்கள். அவர்களே பிறகு 'இவர் நலமாகட்டும்' என்ற கனிவைப் பழகியதும் தேறினார்கள்.

அந்தக் கேள்விக்கு மனதை நிதானப்படுத்தத் தனி நேரம் தேவையில்லை. படுக்கைக்குப் படுக்கை சானிடைசர் தேய்க்க எப்படியும் 20–30 விநாடி ஆகும். அதற்குள் 4 விநாடி மூச்சிழுத்து 6 விநாடி விடுவதை இரண்டு மூன்று முறை செய்யலாம். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கும். ஆள் பற்றாக்குறையை மூச்சுப்பயிற்சி தீர்க்காது, அது நிர்வாகத்தின் வேலை.

கனிவு எல்லை தாண்டிச் சறுக்கும் இடம், பெரும்பாலும் நோயாளியின் குடும்பத்துக்குச் சொந்த மொபைல் நம்பரைக் கொடுப்பதுதான். மூன்று இரவு எடுத்துவிட்டு நான்காம் இரவு எடுக்காவிட்டால், குடும்பத்துக்கு அது கைவிட்டது போலத்தான். முதல் நாளே சொல்லிவிடலாம்: "ராத்திரி எதுன்னாலும் வார்டு நம்பருக்குக் கூப்பிடுங்கம்மா. டியூட்டில இருக்கிறவங்க கையிலதான் கேஸ் ஷீட் இருக்கும். நான் வீட்டுலேருந்து ஞாபகத்துல சொன்னா மருந்து அளவு தப்பாயிடும்."