துல்லிய மருத்துவம்: சொல்லும் அதற்குரிய பயிற்சியும்

ஒரே நோய்ப்பெயரைத் தாங்கியவர்களை அவர்களுடைய மரபணு, உயிர்வேதிக் குறிகள், வாழ்க்கைச் சூழல் ஆகியவற்றைக் கொண்டு உட்பிரிவுகளாகப் பகுத்து, எப்பிரிவினருக்கு எம்மருந்து பயன்படும், எவருக்குத் தீங்கு செய்யும் என்பதை முன்னரே அறிந்து சிகிச்சை அளிப்பதே துல்லிய மருத்துவம். எச்.ஐ.வி. தொற்றுக்கான அபாக்காவிர் மருந்தைத் தொடங்குமுன், எச்எல்ஏ-பி*57:01 என்னும் மரபணு வகை நோயாளியிடம் உள்ளதா என்று சோதிக்கிறார்கள். அவ்வகை உடையவர்களுக்கு அம்மருந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை.

இதன் ஆங்கிலப் பெயர் ‘பிரிசிஷன் மெடிசின்’. அதிலுள்ள ‘பிரிசிஷன்’, வெட்டிக் குறைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையின் வழிவந்தது. இத்துறைக்கு முன்பு பரவலாக வழங்கிய பெயர் ‘பெர்சனலைஸ்டு மெடிசின்’, அதாவது ஆளுக்கேற்ற மருத்துவம். ஆளுக்கொரு மருந்து புதிதாகத் தயாரிக்கப்படுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது என்பதால், 2011இல் அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றக் குழுவின் அறிக்கை ‘பிரிசிஷன்’ என்பதை முன்வைத்தது. 2015இல் அதிபர் ஒபாமா அறிவித்த திட்டம் அதைப் பொதுவழக்காக்கியது. தமிழில் ‘தனிநபர் மருத்துவம்’ என்பாரும் உளர். அதற்கும் அதே குறை உண்டு.

‘துல்லியம்’, நிகரானது எனப் பொருள்படும் ‘துல்ய’ என்னும் வடசொல்லைச் சார்ந்தது; தராசைக் குறிக்கும் ‘துலா’ அதற்கு உறவு. அளவியலில் உண்மை மதிப்புக்கு நெருங்கி நிற்பது வேறு, திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே விடை வருவது வேறு. இவ்விரண்டையும் ‘துல்லியம்’ என்றே சொல்லிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ‘நுட்ப மருத்துவம்’ என்று மாற்றலாம். ஆனால் கேட்பவர் மனம் தொழில்நுட்பக் கருவிகளின் பக்கம் போய்விடும். ஆகவே ‘துல்லிய மருத்துவம்’ நிலைப்பதே நல்லது.

நோயாளிகளைப் பகுக்கப் பகுக்க ஒவ்வொரு பிரிவும் சிறுத்துப்போகும். ஆய்வுக்குப் போதுமான எண்ணிக்கை ஒரே மருத்துவமனையில் கிடைக்காது. திசு மாதிரியை நோயியலாளரும், மரபணு வரிசையை ஆய்வகத்தாரும், தரவைப் புள்ளியியலாளரும், நோயாளியை மருத்துவரும் தனித்தனியே கையாள்கிறார்கள். மாதிரி எடுத்தது முதல் உறையவைத்தது வரை கழிந்த நேரம் முடிவையே மாற்றிவிடலாம் என்பதை, கணினித் திரையில் எண்களை மட்டும் பார்க்கும் ஆய்வாளர் எங்கே அறிவார்? அதனால்தான் இத்துறைக்கு வருவோர் பல நிறுவனங்கள் சேர்ந்த கூட்டாய்வு வலையமைப்புகளில் பயிற்றுவிக்கப்படுகிறார்கள். தாய் நிறுவனத்திலிருந்து சில மாதங்கள் மாற்றுப்பணியாக வேறொரு மருத்துவமனைக்கோ மருந்து நிறுவனத்துக்கோ செல்கிறார்கள்.

இவ்வாறு பயிற்சி பெறுவோரை ஆங்கிலத்தில் ‘ஏர்லி-ஸ்டேஜ் ரிசர்ச்சர்’ என்பார்கள். அதை ‘இளம் ஆய்வாளர்’ என்பது பொருந்தாது, ஏனெனில் இங்கே கணக்கு வயதில் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி பயிற்சி வலையமைப்புகள், 2014–2020 காலத்தில், முனைவர் பட்டம் பெறாத, ஆய்வுப்பணியின் முதல் 4 ஆண்டுகளுக்குள் இருப்பவர்களையே இவ்வகையில் சேர்த்தன. ‘தொடக்கநிலை ஆய்வாளர்’ என்பதே சரியான தமிழ். பணியில் சேருமுன் கடந்த 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல், பணியளிக்கும் நிறுவனம் உள்ள நாட்டில் வாழ்ந்திருக்கக் கூடாது என்ற விதியும் அவற்றில் இருந்தது. நாடு விட்டு நாடு செல்வதும் பயிற்சியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.