பெட்டியில் எத்தனை கல் என்று எண்ணாதீர்கள்: கத்தி தீட்டும் கிளாம்ப் கருவி வாங்குவோருக்கு

போன மாதம் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். கையில் துணிப்பை. அதற்குள் இணையத்தில் வாங்கிய ஒரு பெட்டி: இரும்புச் சட்டம், கத்தியைக் கவ்வும் கிளாம்ப், நீளமான ஒரு கம்பி, பத்துக் கற்கள். கூடவே வீட்டுச் சமையல் கத்தி.

"ஏனுங்க தம்பி, மூணு ஞாயித்துக்கிழமை இதோட உக்காந்துட்டேன். பத்துக் கல்லும் போட்டுத் தேய்ச்சாச்சு. கண்ணாடியாட்டம் மின்னுது. தக்காளிய வெச்சா வழுக்கீட்டுப் போகுது" என்றார்.

மின்னியது உண்மைதான். கத்தியின் கூர் விளிம்பை ஒட்டிய சரிவில் முகம் பார்க்கலாம். நான் ஒரு பெர்மனென்ட் மார்க்கரை எடுத்து அந்தச் சரிவு முழுக்கக் கறுப்பு பூசினேன். அவர் வைத்த கோணத்திலேயே கல்லை இரண்டு முறை இழுத்தேன். சரிவின் மேல் பாதியில் மை போய்விட்டது. கூரை ஒட்டிய அரை மில்லிமீட்டரில் மை அப்படியே இருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் அவருடைய கல் கூரைத் தொடவே இல்லை. மேலே தோள்பட்டையை, அதாவது சரிவு தொடங்கும் இடத்தைத்தான் மெருகேற்றிக்கொண்டிருந்தது.

கோவையில் ஒரு டூல் ரூமில் கிரைண்டிங் வேலை பார்த்துவிட்டு, பிறகு கத்தி தீட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டவன் நான். ஹோட்டல் கத்திகள், வீட்டுக் கத்திகள், மலையேறப் போகிறவர்களின் மடக்குக் கத்திகள் எல்லாம் வருகின்றன. கொஞ்ச காலமாகக் கத்தியோடு இப்படிப்பட்ட பெட்டிகளும் வருகின்றன. "எதை வாங்கலாம்?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. அதனால் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

இந்தக் கருவிகள் செய்வது ஒரே ஒரு வேலை. கல்லுக்கும் கத்திக்கும் இடையிலுள்ள கோணத்தை ஆடாமல் வைத்திருக்கும். வெறுங்கையால் தீட்டும்போது மணிக்கட்டு ஆடுகிறது, ஒவ்வோர் இழுப்பிலும் கோணம் இரண்டு மூன்று டிகிரி மாறுகிறது, கூர் உருண்டுவிடுகிறது. பழகிய கைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. பழகாத கைக்கு ஓர் ஊன்றுகோல் வேண்டும், அதுதான் இந்தக் கருவி. எந்தக் கோணம் என்று முடிவு செய்வதும், கல் கூரைத் தொட்டதா என்று பார்ப்பதும் இன்னமும் உங்கள் பொறுப்புதான். விளம்பரப் படங்களில் இதைச் சொல்வதில்லை.

கல் பொருத்திய கம்பி நுழைவதற்குக் கிளாம்ப்பில் துளைகள் இருக்கும், பக்கத்தில் 17, 20, 25, 30 என்று கோணம் பொறித்திருக்கும். லான்ஸ்கி என்ற கம்பெனியின் கருவியில் இந்த நான்கு கோணங்கள்தான். அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். கம்பி நுழையும் துளை கத்தியின் மட்டத்திலிருந்து 3.6 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, கத்தியின் கூர் அந்தத் துளையிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். கோணம் ஏறத்தாழ 20 டிகிரி. இப்போது அகலமான காய்கறிக் கத்தியை மாட்டுகிறீர்கள். கூர் 12 செ.மீ. தள்ளிப் போகிறது. துளை அதேதான், எழுத்தும் அதேதான். கோணம் மட்டும் 17க்கு இறங்கிவிட்டது. பேனாக்கத்தியை மாட்டினால் இதற்கு நேர்மாறாக ஏறும். வங்கி அதிகாரிக்கு நடந்தது இதன் ஒரு வகைதான். தொழிற்சாலையில் அந்தக் கத்திக்கு வைத்த கோணத்தைவிட அவர் வைத்தது தாழ்வு. கோணம் தாழ்ந்தால் கல் தோளில் உரசும், கூருக்கு எட்டாது.

இதற்கு மருந்து மார்க்கர்தான். பத்து ரூபாய், இருபது ரூபாய் பேனா. பூசுங்கள், இரண்டு இழுப்பு இழுங்கள், எங்கே மை போகிறது என்று பாருங்கள். மேலே மட்டும் போனால் கோணத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கூரில் மட்டும் போனால் கோணம் அதிகம். முழுச் சரிவிலும் ஒரே சீராகப் போனால் அந்தக் கத்தியின் கோணம் கிடைத்துவிட்டது. அதனால்தான் நான்கு துளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைக்கும் கருவியைவிட, திருகைத் திருப்பி இடையிலுள்ள கோணங்களையும் வைக்க விடும் கருவியை நான் சிபாரிசு செய்வேன். வொர்க் ஷார்ப் பிரிசிஷன் அட்ஜஸ்ட் அப்படிப்பட்டது. 15 முதல் 30 டிகிரி வரை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம்.

இன்னொன்று. கம்பி போட்ட கருவியில் நுனிக்குப் போகப் போகக் கோணம் மாறிவிடும் என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கூர் நேராகப் போகும் வரை மாறாது. ஒரு நேர்கோடும் அதற்கு வெளியே ஒரு புள்ளியும் இருந்தால் அவற்றின் வழியே ஒரே ஒரு தளம்தான் போகும் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான் இங்கும். நுனிக்கு முன்னால் கத்தி வளையும் இடத்தில்தான் மாற ஆரம்பிக்கிறது. கிளாம்ப்பைக் கைப்பிடிப் பக்கம் தள்ளி மாட்டினால் நுனியில் கோணம் குறைந்து சரிவு அகலமாகிவிடும். நுனிப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி மாட்டி மறுபடி மார்க்கர் போட்டுப் பாருங்கள். இடம் சரியாக வந்ததும் கத்தியின் முதுகில் டேப் ஒட்டிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் மாட்டினால் பாதி வேலை மிச்சம்.

சரி, எதை வாங்குவது? முதலில் உங்கள் வீட்டுக் கத்திகளை மேசைமேல் பரப்புங்கள்.

இருப்பது இரண்டு மூன்று பேனாக்கத்தியும் சின்னக் காய்கறிக் கத்தியும்தான் என்றால் கிளாம்ப் வகை போதும். ஆனால் அந்தக் கிளாம்ப் உங்கள் கத்தியை எப்படிக் கவ்வுகிறது என்று பார்க்க வேண்டும். முதுகிலிருந்து கூர் வரை ஒரே சரிவாக மெலிந்து போகும் அலகுகள் உண்டு. அவற்றைக் கிளாம்ப்பின் தட்டையான தாடை முழுதாகப் பிடிக்காது, ஒரு கோட்டில் மட்டும் பிடிக்கும். எனக்கே ஒருமுறை அப்படி ஒரு மடக்குக் கத்தி நடுவில் நழுவி, கல் அலகின் பக்கவாட்டில் நீளமாகக் கீறிவிட்டது. வாடிக்கையாளருக்குப் புதுக் கத்தி வாங்கிக் கொடுத்தேன். அதிலிருந்து, கவ்வும் இடத்தில் இரண்டு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டாமல் எதையும் மாட்டுவதில்லை. மாட்டியதும் அலகை விரலால் அசைத்துப் பார்ப்பேன். இம்மி அசைந்தாலும் கழற்றி மறுபடி மாட்டுவேன்.

எட்டு அங்குல, பத்து அங்குலக் கத்திகள் இருந்தால் கதை வேறு. ஒற்றைக் கிளாம்ப்பில் நீளக் கத்தியின் நுனி கல்லின் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்கும். நடுவில் கழற்றி, நகர்த்தி மாட்ட வேண்டியும் வரும். இதற்கு எட்ஜ் புரோ போன்ற மேசை வகை நல்லது. அதில் கத்தியைக் கவ்வுவதில்லை. சாய்ந்த தட்டில் படுக்க வைத்து, இடது கையால் நகர்த்திக்கொண்டே வலது கையால் கல்லை ஓட்டுகிறோம். எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை. அடியில் ரப்பர் உறிஞ்சிகள் இருக்கும். நம் வீட்டுக் கிரானைட் மேடையில் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துகொள்ளும், மர மேசையில் ஒட்டாது. இதைப் பார்த்துச் செய்த விலை குறைந்த நகல்கள் நிறைய வருகின்றன. நகல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. கம்பி நுழையும் மூட்டு லொடலொடவென்று ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஆடினால் பெட்டியில் எத்தனை கல் இருந்தும் உபயோகமில்லை. ஆடாத கோணத்துக்குத்தானே காசு கொடுக்கிறோம்.

ஸ்பைடர்கோ ஷார்ப்மேக்கர் இதிலெல்லாம் சேராத ஜாதி. முக்கோணப் பீங்கான் கம்பிகள் இரண்டு 'வி' போல நிற்கும். கத்தியைச் செங்குத்தாகப் பிடித்துக் கீழே இழுத்தால் போதும். ஒரு பக்கத்துக்கு 15 அல்லது 20 டிகிரி. பிரித்து மாட்ட ஒரு நிமிடம்கூட ஆகாது என்பதால் நான் வீட்டில் அதிகம் எடுப்பது இதைத்தான். கம்பியின் மூலைகளால் பல்லுக் கத்தியையும் தீட்டலாம். ஆனால் முழுக்க மழுங்கிய கத்தியை அதன் பீங்கானில் மீட்க நினைத்தால் பொழுது விடிந்துவிடும். இருக்கிற கூரை அப்படியே வைத்துக்கொள்ளும் கருவி அது.

உருளை வகையும் இப்போது பிரபலம். ஜெர்மனியின் ஹோர்ல் அதில் முன்னோடி. காந்தக் கட்டையில் கத்தியை ஒட்டி, வைரம் பதித்த உருளையை உருட்டுவது. பார்க்க அழகு, கையில் பிடிக்கச் சுகம், சமையல் கத்திக்கு நன்றாகவே செய்கிறது. பேனாக்கத்திக்கு வாங்காதீர்கள். அவ்வளவு ஒடுங்கிய அலகின் கூர் உருளைக்குச் சரியான உயரத்தில் வந்து நிற்காது.

கல் விஷயத்துக்கு வருவோம். மூன்று போதும். கரடு ஒன்று, நடுத்தரம் ஒன்று, மெருகு ஒன்று. வைரத் தட்டு வேகமாக வெட்டும், தேய்ந்து குழியாகாது. புதிதில் முரடாக இருக்கும், ஐந்தாறு கத்திக்குப் பிறகு பதமாகும். அதன்மேல் அழுத்தக் கூடாது, அழுத்தினால் வைரத் துகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எண்களைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். டிஎம்டி கம்பெனியின் வைரத் தட்டில் 325 என்றால் வைரத் துகளின் அளவு 45 மைக்ரான், 600 என்றால் 25, 1200 என்றால் 9. வேறு கம்பெனியின் 1200 வேறு அளவுமுறையில் இருக்கலாம். மைக்ரான் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். 3000, 5000, 10000 என்று அடுக்கியிருக்கும் பெட்டி முகச்சவரத்துக்கு ஆகலாம். தக்காளித் தோலுக்குக் கொஞ்சம் சொரசொரப்பான கூர்தான் நல்லது, அந்த நுண்ணிய பற்கள்தான் தோலைக் கவ்வும்.

இனி, கருவி சொல்லித் தராத விஷயம். பிசிர். எங்கள் பட்டறை மொழியில் 'பர்'. ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, கூர் வரை உலோகம் தேய்ந்ததும் மறுபக்கம் மயிரிழை போல ஒரு பிசிர் சுருண்டு எழும். கட்டைவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கி, கூருக்கு வெளியே வழுக்கிப் போகும்படி தடவினால் நகத்தில் தட்டும். கூரின் நீளவாக்கில் ஒருபோதும் விரலை ஓட்டக் கூடாது. கைப்பிடியிலிருந்து நுனிவரை இந்தப் பிசிர் எழும்வரை முதல் கல்லை மாற்றவே கூடாது. பத்து நிமிடம் ஆனாலும் சரி, நாற்பது நிமிடம் ஆனாலும் சரி. எழுந்ததும் மறுபக்கம். அங்கேயும் எழுந்த பிறகுதான் இரண்டாவது கல். ஒவ்வொரு கல்லுக்கும் ஐந்து நிமிடம் என்று கடிகாரம் பார்த்துத் தேய்க்கிறவர்கள்தான் என்னிடம் பெட்டியோடு வருகிறார்கள். கடைசிக் கல்லில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, தோல் வாரில் கூரைப் பின்னோக்கி இழுத்தால் மிச்சப் பிசிரும் போய்விடும். அந்தக் காலத்தில் சலூனில் சவரக்கத்தியை வாரில் தீட்டுவார்களே, அதே வேலை. பழைய பெல்ட் ஒன்றைக் கட்டையில் ஒட்டினால் போதும், காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

எத்தனை டிகிரி? வீட்டில் காய் நறுக்கும் சாதாரணக் கத்திக்கு ஒரு பக்கம் 20. ஜப்பானியக் கத்திகளின் எஃகு கடினமானது, 15 தாங்கும். எலும்பு, தேங்காய் ஓடு என்று முரட்டு வேலை செய்யும் கத்தியை 25க்குக் கீழே கொண்டுபோனால் கூர் பல்லுப் பல்லாக உதிரும். மலிவான மென்மையான எஃகை 15இல் தீட்டினால் முதல் நாள் ஆஹா, மூன்றாம் நாள் மடிந்து கிடக்கும். ஒருபக்கச் சரிவு மட்டும் உள்ள ஜப்பானிய மீன் கத்தியை இந்தக் கருவிகளில் மாட்டவே வேண்டாம், அதன் வடிவமே கெட்டுவிடும்.

கருவியெல்லாம் எதற்கு என்று, இரண்டு கடினமான உலோகத் துண்டுகள் 'வி' போல வைத்த நூறு ரூபாய்ச் சமாசாரத்தில் இழுத்து எடுப்பவர்கள் உண்டு. அது தீட்டுவதில்லை, கூரிலிருந்து உலோகத்தைச் சீவி எடுக்கிறது. உடனே கூர் வந்தது போலத் தெரியும். இரண்டு வருடத்தில் கத்தி ஒல்லியாகிவிடும். அதைவிட ஆபத்து, பட்டறை கிரைண்டரில் தண்ணீர் தொடாமல் பிடிப்பது. கூரில் நீல நிறம் ஓடினால் அந்த இடம் ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸ் சூடு கண்டிருக்கிறது, பதம் போய்விட்டது. அந்த நீலம் போகும்வரை தேய்த்து எறிந்தால்தான் கத்தி மறுபடி கத்தி.

கையைக் காப்பாற்றிக்கொள்வது பற்றியும் சொல்லியாக வேண்டும். கம்பிக் கருவியில் கை திரும்பத் திரும்பக் கூருக்கு மேலேயே போய் வருகிறது. கல்லைப் பிடிக்கும் விரல் கல்லின் அடி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு நாள் வெட்டும். என் வலது கட்டைவிரலில் தழும்பு இருக்கிறது, டிவி பார்த்துக்கொண்டே தீட்டியதன் பலன். ஷார்ப்மேக்கரில் பித்தளைப் பாதுகாப்புக் கம்பிகள் கொடுத்திருக்கிறார்கள், பலர் அவற்றைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். மடக்குக் கத்தியைத் தீட்டுமுன் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். தீட்டி முடித்ததும் கத்தியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கூரில் ஒட்டியிருக்கும் இரும்புத் தூள் நேராக வெங்காயத்துக்குத்தான் போகும். இன்னொன்று, வீட்டில் உள்ளவர்களிடம் கத்தி தீட்டியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். மழுங்கிய கத்திக்குப் பழகிய கை பழைய வேகத்தில் அழுத்தும். தீட்டிக் கொடுத்த மறுநாள் விரலில் பேண்ட்எய்டோடு வந்து என்னைத் திட்டிய அம்மாக்கள் உண்டு.

வங்கி அதிகாரியின் கத்தியை அவர் பெட்டியிலுள்ள கரடுக் கல்லிலேயே, கோணத்தை மூன்று டிகிரி ஏற்றி, அவரையே தேய்க்கச் சொன்னேன். இருபத்தைந்து நிமிடத்தில் பிசிர் எழுந்தது. அதை நகத்தில் உணர்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நடுக்கல், மெருகுக் கல், என் பெல்ட் வார். பக்கத்துக் கடையில் வாங்கிய தக்காளி தன் பாரத்திலேயே பிளந்தது. மீதி ஏழு கல்லை என்ன செய்வது என்றார். பேரனிடம் கொடுங்கள், கூழாங்கல் விளையாடட்டும் என்றேன்.

கிளம்பும்போது, "வீட்டுல அருவாமனை ஒண்ணு இருக்குதுங்க, அதையும் இதுல மாட்டலாங்களா?" என்று கேட்டார். பலகையில் பதித்து வளைந்து நிற்கிற அலகை எந்தக் கிளாம்ப் கவ்வும்? அதற்குக் கையில் பிடிக்கிற தீட்டுக்கல்லை எடுத்து, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டு, கல்லைத்தான் அலகிடம் கொண்டுபோக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.