அந்த அறை வாசல் பெஞ்ச்

இந்த மாதத்தில் என்னிடம் ஆலோசனைக்கு அனுப்பப்பட்ட நான்காவது குழந்தை இது. மூன்றாம் வகுப்பு, எட்டு வயது. "நடத்தை சரியில்லை, கவுன்சலிங் தேவை" என்று பள்ளியிலிருந்து ஒரு கடிதம். கூடவே ஒரு கட்டுச் சீட்டுகள்: என்றைக்கு, எந்த பீரியடில் தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டான் என்ற விவரம். மேசையில் வரிசையாகப் பரப்பிப் பார்த்தேன். ஒன்றிரண்டைத் தவிர எல்லாமே கணக்கு பீரியட்.

"அந்த அறை வாசலில் உட்கார்ந்து என்ன செய்வாய்?" என்று கேட்டேன்.

"பெஞ்சில சும்மா உட்கார்ந்திருப்பேன். அங்க கணக்கு கிடையாது."

இதற்கு மேல் நான் விளக்க என்ன இருக்கிறது? எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். வகுப்பாசிரியருக்குத் தன் வகுப்பில் நடப்பது மட்டுமே தெரியும். எல்லாச் சீட்டுகளும் வந்து சேரும் ஒரே இடம் தலைமை ஆசிரியரின் மேசை. அங்கே ஒருவர்கூட அவற்றைச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை.

இந்தப் பேச்சை எடுத்தாலே ஒரு பதில் தயாராக வரும்: "எங்கள் ஹெச்.எம். ரொம்பக் கண்டிப்பு. அவர் வராண்டாவில் நடந்தால் குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும்." பெற்றோரும் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். அவர் வரும்போது இருக்கும் அமைதியை எதற்கு அளக்கிறீர்கள்? அவர் மாடிப்படி திரும்பிய பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

1939லேயே கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் என்ற உளவியலாளர்கள் மூவரும் இதைச் சோதித்து எழுதிவிட்டார்கள். பத்து வயதை ஒட்டிய பையன்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து, வெவ்வேறு பாணியில் நடத்தும் பெரியவர்களின் கீழ் கைவேலை செய்ய வைத்தார்கள். கட்டளை மட்டுமே போடுபவர் அறையில் இருக்கும்வரை வேலை நன்றாக நடந்தது. அவர் வெளியே போனதும் சரிந்தது. பையன்களோடு கலந்து பேசி முடிவெடுத்தவர் வெளியே போனபோது வேலை பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது. பயந்த பிள்ளை கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: யார் எப்போது வருவார் என்று கவனிப்பது. அதை ஒழுக்கம் என்று சொல்லாதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு முறை "போ ஹெச்.எம். ரூமுக்கு" என்று சொல்லும்போதும் அந்த ஆசிரியர் மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு செய்தி சொல்கிறார்: என் கையில் எதுவும் இல்லை என்று. தலைமை ஆசிரியர் அதை ஏற்றுக்கொண்டால் வகுப்பாசிரியரின் சொல்லுக்கு மதிப்புக் குறைந்துகொண்டே போகும். (கடிதத்தில் "அடங்காதவன்" என்று இருந்தால் நான் முதலில் கேட்பது கண், காது பரிசோதனைதான். கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்துப் பையனோடு பேசத்தான் செய்யும்.)

சரி, என்ன செய்யலாம்? தலைமை ஆசிரியர்களே, அறையை விட்டு வெளியே வாருங்கள். சண்டைகள் உங்கள் மேசை முன்னால் நடப்பதில்லை. தண்ணீர்க் குழாயடி, கழிப்பறை வாசல், மாடிப்படி, இடைவேளை முடிந்து வரிசை கட்டும் நேரம், இங்கேதான் நடக்கின்றன. அந்த நேரத்தில் அங்கே நில்லுங்கள். காலையில் வாசலில் நின்று நான்கு பிள்ளைகளையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விதிகள் மூன்று, மிஞ்சினால் ஐந்து போதும். "ஓடாதே" என்பதைவிட "நடந்து போ" என்பது சின்னப் பிள்ளைக்குச் சட்டெனப் புரியும். அதையே எல்லா ஆசிரியர்களும், உதவியாளர்களும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். ஒருவர் சிரித்துவிட்டுப் போவதற்கு இன்னொருவர் முட்டி போட வைத்தால் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

பிள்ளைகள் எதிரில் ஆசிரியரைத் திட்டாதீர்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். காலையில் நீங்கள் ஆசிரியரிடம் பேசிய அதே தொனியில், மதியம் வகுப்புத் தலைவன் பின் வரிசையை அதட்டுவான்.

இந்தப் பையனுக்குக் கூட்டல், கழித்தல் வாய்க்கணக்காகக் கேட்டால் வருகிறது. கணக்கைப் படித்துப் புரிந்துகொள்ளத்தான் முடியவில்லை. எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி இரண்டாவது வரிக்குப் போவதற்குள் முதல் வரி மறந்துவிடுகிறது. பள்ளியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு தலைமை ஆசிரியர், "நாளைக்குக் கணக்கு பீரியடில் நானே அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்" என்றார்.