டிஎன்ஏ ரிப்போர்ட்டும் குலப்பெருமையும்

உசிலம்பட்டிப் பக்கம் ஒருவரிடம் எம்130 என்ற மரபணுக் குறியை (டிஎன்ஏவில் எப்போதோ நேர்ந்து வழிவழியாக இறங்கும் ஒரு சிறு மாற்றம்) மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு கண்டறிந்தது. 'முதல் இந்தியர்' என்று செய்தி பரவியது. இன்றும் அதைச் சாதிப் பட்டயமாக்கி வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். அந்தக் குறி தோன்றி 50,000 ஆண்டாவது இருக்கும். அதன் கிளைகள் மங்கோலியரிடமும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் உண்டு. சாதி அவ்வளவு பழசா என்ன?

எம்130 இருப்பது ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமில். அது அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும். பத்துத் தலைமுறை பின்னே போனால் முன்னோர் இடங்கள் 1,024. ஒய் சோதனை அவற்றில் ஒன்றைத்தான் காட்டும். உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாகூட அந்தக் கணக்கில் வரமாட்டார்.

தென்னாப்பிரிக்காவிலும் ஜிம்பாப்வேயிலும் வாழும் லெம்பா மக்கள் கதை இதைவிடச் சிக்கலானது. பன்றி தின்னமாட்டார்கள், விருத்தசேதனம் உண்டு. கடல்தாண்டி 'சேனா'விலிருந்து வந்தோம் என்பது அவர்கள் வழிவழிச் சொல். 1996-இல் வந்த ஆய்வு, அவர்களின் ஒய் குரோமோசோம்களில் பாதியளவு மேற்காசிய வழி என்றது. 2000-இல் வந்த ஆய்வு, யூதப் பூசாரி மரபோடு சேர்த்துப் பேசப்படும் ஒரு ஒய் குரோமோசோம் வடிவத்தை அவர்களின் பூபா குலத்து ஆண்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் கண்டது. மொத்த லெம்பா ஆண்களிலோ பத்தில் ஒருவருக்கும் குறைவு. பேசப்பட்டதெல்லாம் பூபா கணக்குதான்.

அந்த வடிவம் குரோமோசோமில் ஆறே ஆறு இடங்களை வைத்துச் சொன்னது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு டிஎன்ஏ துண்டு எத்தனை முறை அடுத்தடுத்து வருகிறது என்று எண்ணுவார்கள். ஓர் இடத்தின் எண்ணிக்கை ஏறக்குறைய 500 தலைமுறைக்கு ஒருமுறை மாறும். எண்கள் இப்படிக் கூடிக் குறைவதாலும் பார்த்த இடங்கள் ஆறே என்பதாலும் நெருங்கிய உறவே இல்லாத இருவருக்கும் ஆறு எண்கள் தற்செயலாக ஒத்துப்போகலாம். கூடுதல் குறிகளோடு 2013-இல் வெளிவந்த தென்னாப்பிரிக்க ஆய்வு, யூத மரபு என்ற முந்தைய முடிவை ஆதரிக்கவில்லை. ஆப்பிரிக்கர் அல்லாத ஆண்வழி இருந்தது உண்மை. அது எந்த ஊர் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் முடிவைத் தொலைக்காட்சிகள் உலகெங்கும் கொண்டுபோயின. பிந்தையது ஆய்விதழைத் தாண்டியதாகவே தெரியவில்லை.

எச்சில் அனுப்பிச் சோதிக்கும் கிட் வாங்குபவர்கள் முதலில் கேட்கவேண்டியது: ஆண்வழியா, தாய்வழியா, இருவழியும் கலந்த முழுச் சோதனையா? எத்தனை குறிகள்? உங்கள் மாதிரியை யாருடைய மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள்? அந்தத் தொகுப்பில் தென்னிந்தியர் குறைவென்றால் '12 சதவீதம் மத்திய ஆசியா' என்பதை நம்பி எதையும் எழுதிவைக்காதீர்கள். தொகுப்பைப் புதுப்பித்தால், அதே எச்சிலுக்கு வேறு சதவீதம் வரும்.

சமூகத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்து எடுத்ததால் மரபணுவில் உண்மையிலேயே ஒன்று நடந்திருக்கிறது. அதைத்தான் யாரும் பகிர்வதில்லை. ஆரிய வைசியரில் சிலருக்கு சூடோகோலினெஸ்டரேஸ் என்ற நொதி குறைவு; சில மருந்துகளை உடலில் சிதைப்பது அதுதான். அறுவைச் சிகிச்சையில் தசையைத் தளர்த்தத் தரும் சக்சினைல்கோலின் ஊசி மற்றவர்களுக்குச் சில நிமிடங்களில் தெளியும். நொதி குறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில் மூச்சுத் தசை வேலைசெய்யாமல் வென்டிலேட்டர் தேவைப்படலாம். குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் தெளியத் தாமதமாகியிருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இந்த நொதியை அளக்கும் ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.