அந்த சிப்பை எரிச்சது யார்?

போன மாசம் வெள்ளவத்தையில இருந்து ஒரு ஐயா தன்ர 1997 லான்சர் காரைக் கொண்டுவந்தவர். சிக்னல்ல நிண்டா ஐடில், அதாவது கார் நிக்கேக்க எஞ்சின் சுத்துற வேகம், தானா ஏறி உறுமுதாம், பிறகு விழுந்து ஓஃப் ஆகுதாம், காலி வீதியில பின்னால நிக்கிற பஸ்காரன் ஹோர்ன் அடிச்சே ஆளைக் கொல்லுறானாம். ஏற்கனவே ரெண்டு தரம் எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்டியைக் கழட்டி சிப் மாத்தியாச்சு, முதல் சிப் மூண்டு கிழமை ஓடினது, ரெண்டாவது நாலு நாள். "தம்பி, இந்த முறை நல்ல சிப்பா பாத்துப் போடுங்கோ" எண்டார்.

பெட்டியைத் திறந்தா கருகின மணம். எரிஞ்சிருந்தது, ஐடில் வேகத்தைச் சரிபண்ணுற சின்ன மோட்டரை ஓட்டுற டிரைவர் சிப். நான் சோல்டரிங் அயனைத் தொடவேயில்லை, நேரா த்ரொட்டில் பொடிக்கு, எஞ்சினுக்குக் காத்துப் போற வாய்க்கு, போய் அந்த மோட்டரின்ர பிளக்கைக் கழட்டி மீட்டர் வைச்சன். ஆறு பின், மூண்டு மூண்டா ரெண்டு வரிசை, நடுப்பின்னில இருந்து ரெண்டு பக்கமும் அளந்தா 28க்கும் 33க்கும் இடையில ஓம் காட்டவேணும். மோட்டருக்குள்ள இருக்கிற நாலு கொயில்ல மூண்டு 30க்குக் கிட்ட காட்டினது, நாலாவது வெறும் 6.

கணக்கைப் பாருங்கோ, எஞ்சின் ஓடேக்க 14 வோல்ட் வரும், 30 ஓம் எண்டா அரை அம்பியர்கூடப் போகாது, 6 ஓம் எண்டா ரெண்டு அம்பியருக்கு மேல. அந்தச் சின்ன சிப் எவ்வளவு நாளைக்குத் தாங்கும்? மோட்டரைக் கழட்டிப் பாத்தா உள்ள கூலன்ட், எஞ்சினைக் குளிராக்கிற தண்ணி, காஞ்ச பச்சைக் கறை. த்ரொட்டில் பொடிக்குக் கீழால கூலன்ட் ஓடுற கார் இது, பழைய ரப்பர் சீல் விட்டதோட தண்ணி கசிஞ்சு கொயிலுக்குள்ள போயிருக்கு. சீல் விட்டது, கொயில் ஷோர்ட் ஆனது, சிப் எரிஞ்சது, ஆனா காசு குடுத்து மாத்தினது முழுக்க அந்தக் கடைசி ஆளை மட்டும்.

இக்னிஷன் கொயில், இன்ஜெக்டர், ஃபேன் ரிலே எல்லாத்துக்கும் இதே கதைதான். ஆரும் "சிப் போயிட்டு, மாத்தவேணும்" எண்டு சொன்னா, அந்த சிப் எதை ஓட்டுது, அதை அளந்து பாத்தனீங்களா எண்டு கேளுங்கோ. பதில் சொல்லத் தெரியாதவரிட்ட பெட்டியைக் குடுக்காதீங்கோ.

இன்னொரு விஷயம். 2020 மார்ச்சில இலங்கைக்கு வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025இல திறக்கும்வரைக்கும் பழைய காரை வைச்சே சமாளிச்ச ஆக்கள் நாங்கள், பெட்டி பழுதெண்டா கொழும்பில வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில, வேற கார்ல இருந்து கழட்டின ஒரு ரீகண்டிஷன் பெட்டி வாங்கிப் போடுவம் எண்டு கனபேர் நினைக்கினம். இமொபிலைசர், அதாவது சரியான திறப்பு இல்லாட்டி எஞ்சினை ஓடவிடாத களவுத் தடுப்பு, இருக்கிற கார் எண்டா அது அப்பிடியே வேலை செய்யாது, ஸ்டார்ட் ஆகி ஒரு செக்கன்ல ஓஃப் ஆகும், இல்லாட்டி ஸ்டார்ட்டே ஆகாது, ஏனெண்டா உங்கட திறப்பின்ர கோட் பழைய பெட்டிக்குள்ள. கனக்க பெட்டிகள்ல அது எட்டுக் கால் உள்ள ஒரு குட்டி மெமரி சிப்பில இருக்கும், 93சி56, 93சி66 எண்டு மேல எழுதியிருக்கும். அந்த டேட்டாவை வாசிச்சு மற்றப் பெட்டிக்கு எழுதலாம். அதால பழைய பெட்டியை எறியாதீங்கோ, மற்றப் பெட்டி வாங்கேக்க விலையில கழிச்சுக் குடுக்கவும் வேண்டாம். என்னட்ட வந்த ஒருத்தர் பழைய பெட்டியை ஐநூறு ரூபா கழிவுக்குக் குடுத்துட்டு வந்து நிண்டவர், என்னத்தைச் சொல்ல.

போர்டுக்கு மேல பூசியிருக்கிற லாக்கரைச் சுரண்டாம, கூடின சூட்டில சிப்பை இழுத்து எடுத்து, கீழ இருக்கிற செப்புக் கோட்டையும் சேர்த்துப் பிடுங்கின பெட்டிகளும் வருது, அதுகளைச் சரியாக்கிறதுதான் உண்மையில பெரிய வேலை. ஐயாவின்ர போர்டிலயும் ரெண்டு கோடு போயிருந்தது, மெல்லிய வயர் இழுத்துச் சேர்த்தன்.

மோட்டர், சீல், பிறகுதான் சிப். இப்ப ஐடில் நிமிசத்துக்கு 750 சுத்தில நிக்குது. எரிஞ்ச சிப்பை ஒரு சொப்பிங் பைக்குள்ள போட்டுத் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார், முந்தி மாத்தினவரிட்ட காட்டப்போறாராம்.