பாதி விலை போனின் கேமரா எங்கே தோற்கிறது?

"ஒரே கம்பெனி, ஒரே சிப், ஒரே கேமரா ஆப். அப்புறம் எதற்கு ஒன்றுக்கு இரண்டு மடங்கு விலை? படத்தில் அவ்வளவு வித்தியாசம் தெரியுமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். தெரியும், ஆனால் எல்லாப் படத்திலும் அல்ல. எந்தப் படத்தில் தெரியும், எதில் தெரியாது என்பதை இயற்பியலே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

இதை விளக்க வசதியான ஒரு ஜோடி இருக்கிறது. கூகுள் 2021 அக்டோபரில் பிக்சல் 6, 6 புரோ இரண்டையும் வெளியிட்டது. 2022 ஜூலையில் அதே வரிசையில் மலிவான 6ஏ வந்தது. இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வந்தது அது மட்டும்தான். வெளியானபோது அமெரிக்காவில் 6ஏ 449 டாலர், புரோ 899 டாலர். எல்லாவற்றிலும் டென்சர் என்ற ஒரே சிப். படத்தைக் கணக்குப் போட்டுச் சீராக்கும் மென்பொருளும் பெரும்பாலும் ஒன்றே. கேமராவில் மாறியது லென்ஸும் ஒளியைப் பதியும் சென்சாரும் மட்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே விட்டுப் பார்க்கும் இப்படிப்பட்ட ஒப்பீடு கடையில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

முதலில் மெகாபிக்சல் என்ற மூடநம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். 6ஏயின் பிரதான கேமரா 12.2 மெகாபிக்சல், புரோவினுடையது 50. ஆனால் புரோ நான்கு நான்கு படப்புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் கேலரியில் வைக்கிறது. இரண்டு போனிலும் படத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றே. பார்க்க வேண்டிய எண் சென்சாரின் பரப்பு. அதை நேரடியாக யாரும் அச்சிடுவதில்லை. 1/2.55 அங்குலம், 1/1.31 அங்குலம் என்று போடுவார்கள். அது சென்சாரின் எந்தப் பக்கத்தின் நீளமும் அல்ல, மூலைவிட்டமும் அல்ல. பழைய தொலைக்காட்சி கேமராக்களில் இருந்த வெற்றிடக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்து அளந்த காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வரும் வழக்கம். உண்மையான மூலைவிட்டம் 6ஏயில் சுமார் 7 மில்லிமீட்டர், புரோவில் 12 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பரப்பாகச் சொன்னால் 24 சதுர மில்லிமீட்டருக்கு எதிரே 72. மூன்று மடங்கு. 6ஏயின் லென்ஸ் அதன் குவியத்தூரத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கூடுதலாகவே திறந்தது (எஃப் 1.73, புரோவில் எஃப் 1.85; எண் குறைந்தால் திறப்பு அதிகம்). அதையும் கணக்கில் எடுத்தால் ஒரே நேர அளவில் புரோவின் சென்சாருக்குச் சேரும் மொத்த ஒளி சுமார் 2.6 மடங்கு.

ஒளி குறைந்தால் படம் இருட்டாவதோடு நிற்பதில்லை. மொட்டைமாடியில் தூறல் விழத் தொடங்கும் நேரத்தில் தட்டோடுகளைப் பாருங்கள். எல்லா ஓட்டின் மேலும் ஒரே மழைதான், ஆனால் ஒன்றில் நான்கு துளி, பக்கத்தில் எட்டு, அதற்கடுத்ததில் ஐந்து. ஒளித்துகள்களான ஃபோட்டான்களும் அப்படித்தான் விழுகின்றன. சீரான வெள்ளைச் சுவரைப் படமெடுத்தாலும் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் கிடைக்கும் ஃபோட்டான்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்காது. சராசரி 100 என்றால் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது 10. நூற்றுக்குப் பத்து பிசகு. இரவுப் படங்களில் சுவரிலும் முகத்திலும் மணல் தூவினாற்போலத் தெரிவது பெரும்பாலும் இதுதான். கேமராவை எவ்வளவு கச்சிதமாகச் செய்தாலும் இது போகாது. ஒளியே துகள் துகளாக வருவதால் விளையும் குறை.

2.6 மடங்கு ஒளி கிடைத்தால் 260 ஃபோட்டான், ஏற்ற இறக்கம் 16, பிசகு 6 சதவீதம். பெரிய சென்சாருக்குக் கொடுக்கும் காசு இந்தப் பத்துக்கும் ஆறுக்கும் உள்ள இடைவெளிக்குத்தான்.

ஆனால் ஒளியைச் சேர்க்க இன்னொரு வழி உண்டு: அதிக நேரம் காத்திருப்பது. கையில் பிடித்த போனில் ஷட்டரை நீண்ட நேரம் திறந்தால் படம் கலங்கிவிடும். அதனால் போன் குறுகிய படங்கள் பலவற்றை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திக் கூட்டுகிறது. கூகுளின் எச்.டி.ஆர். பிளஸ் இப்படித்தான் வேலை செய்கிறது. அதன் இரவு மோடான நைட் சைட்டில் 15 படங்கள் வரை சேரும். கணக்கைப் பாருங்கள். 6ஏயில் 15 படம் சேர்ந்தால் 1,500 ஃபோட்டான், பிசகு 2.6 சதவீதம். புரோவில் 3,900, பிசகு 1.6 சதவீதம். விகிதம் மாறவில்லை, ஆனால் இரண்டுமே சாதாரணமாகப் பார்க்கும் கண்ணுக்கு எட்டாத அளவுக்குக் குறைந்துவிட்டன. அசையாத கோயில் கோபுரத்தை இரவில் எடுத்தால் இரண்டு போன் படத்தையும் பிரித்துச் சொல்வது கஷ்டம் என்பதற்கு இதுவே காரணம். சின்ன சென்சார் பரப்பில் இழந்ததை நேரத்தில் ஈட்டிக்கொள்கிறது.

இந்தக் கூட்டலுக்குள் இருக்கும் ஒரு வித்தையைத்தான் சற்று நின்று ரசிக்க வேண்டும்.

சென்சாருக்கு நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொரு படப்புள்ளிமேலும் ஒரு வண்ண வடிகட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. கோடக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். ஒரு புள்ளி ஒரு நிறத்தை மட்டும் அளக்கும். மீதி இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஊகிக்க வேண்டும். ஆக, 12 மெகாபிக்சல் வண்ணப் படத்திலுள்ள தகவலில் மூன்றில் இரண்டு பங்கு அளந்தது அல்ல, ஊகித்தது. மெல்லிய கட்டம் போட்ட சட்டையில் இல்லாத வானவில் கோடுகள் ஓடுவது ஊகம் தவறும் இடம்.

இப்போது கையை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நம் கை நொடிக்கு 8 முதல் 12 தடவை நுணுக்கமாக நடுங்குகிறது. இது நோயல்ல, தசைகள் எல்லாருக்கும் இப்படித்தான் இயங்கும். அந்த நடுக்கத்தால் அடுத்தடுத்த படங்கள் ஒரு புள்ளி, அரைப்புள்ளி, இரண்டேகால் புள்ளி என்று ஒழுங்கில்லாமல் விலகுகின்றன. முதல் படத்தில் பச்சை வடிகட்டியின் கீழ் விழுந்த கண்ணிமை முடி, அடுத்த படத்தில் சிவப்பின் கீழும், அதற்கடுத்ததில் நீலத்தின் கீழும் விழுகிறது. மூன்று நிறமும் ஊகமில்லாமல் அளவாகவே கிடைத்துவிட்டது! அரைப்புள்ளி விலகல் இன்னொன்றையும் தருகிறது: இரண்டு படப்புள்ளிகளுக்கு நடுவே இருந்து, ஒற்றைப் படம் பார்க்கவே முடியாத விவரம். படத்தைக் கெடுக்கும் என்று நாம் திட்டிக்கொண்டிருந்த கை நடுக்கம், சென்சாரிடம் இல்லாத நுணுக்கத்தைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 2018இல் பிக்சல் 3 இதைச் செய்து காட்டியது. அதிலிருந்ததும் 6ஏயில் இருப்பதும் சோனியின் ஒரே சென்சார்தான். நான்கு வருடம் பழைய சென்சார் 2022லும் தலைநிமிர்ந்து நின்றது இதனால்தான்.

அப்படியென்றால் போனை முக்காலியில் மாட்டி வைத்தால்? நடுக்கம் இல்லை, புதுத் தகவலும் இல்லை. அதற்கும் வழி கண்டார்கள். நடுக்கத்தைச் சமன்செய்ய லென்ஸை நகர்த்தும் ஓ.ஐ.எஸ். இயந்திரத்தையே கொண்டு, படத்துக்குப் படம் லென்ஸை வேண்டுமென்றே துளி நகர்த்தினார்கள். பிக்சல் 3 கையில் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம்: போனை ஜன்னல் கண்ணாடியோடு அழுத்தி அசையாமல் வைத்து, ஜூமை முழுக்க இழுத்து, தூரத்திலுள்ள ஒரு பொருளைத் திரையில் பாருங்கள். அது மிக நுணுக்கமாக நீள்வட்டத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வித்தையின் வேர் வானியலில் இருக்கிறது. ஹப்பிள் தொலைநோக்கியின் கேமராவில் படப்புள்ளிகள் பெரிதாக இருந்ததால் நுண்விவரம் தப்பிப் போனது. 1995 டிசம்பரில் ஹப்பிள் ஆழ்புலப் படத்தை எடுத்தபோது தொலைநோக்கியைப் படத்துக்குப் படம் இம்மியளவு நகர்த்தி, பிறகு சேர்த்தார்கள். அந்தச் சேர்ப்புக் கணக்கை உருவாக்கியவர்கள் ஆண்ட்ரூ ஃபுருக்டரும் ரிச்சர்ட் ஹூக்கும். போன் சென்சாருக்கு அடிப்படையான தொழில்நுட்பத்தையும் 1990களில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழு, விண்கலக் கேமராக்களைச் சுருக்குவதற்காகத்தான் வளர்த்தெடுத்தது. விண்மீனைப் பார்க்கச் செலவழித்த மக்கள் வரிப்பணம் இன்று எல்லாருடைய சட்டைப்பையிலும் இருக்கிறது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு 0.7 சதவீதம்கூட ஒதுக்காத இந்தியாவில், "வானத்தைப் பார்த்து என்ன பயன்?" என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியாது.

சரி, மலிவான போன் எங்கே தோற்கிறது? நேரம் கிடைக்காத இடத்தில்.

குழந்தை ஊஞ்சலில் ஆடுகிறது, வீட்டில் ஒரே ஒரு எல்.இ.டி. பல்பு. மென்பொருள் ஒவ்வொரு படத்தையும் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, முதன்மைப் படத்தோடு ஒத்துப்போகும் கட்டங்களை மட்டும் கூட்டும். அசையாத சுவர்க் கட்டங்கள் எல்லாப் படத்திலும் பொருந்திவிடும். குழந்தையின் முகம் இருக்கும் கட்டங்கள் பொருந்தாது. கட்டாயப்படுத்திச் சேர்த்தால் இரண்டு மூக்கு தெரியும். எனவே அவை ஒதுக்கப்பட்டு, முகத்துக்கு ஒன்றோ இரண்டோ படம்தான் மிஞ்சுகிறது. பிசகு மறுபடி பத்து சதவீதத்துக்கு ஏறுகிறது. அதை மறைக்க இரைச்சல் நீக்கும் நிரல் அழுத்தித் துடைக்கிறது. துடைப்பில் புருவமும் தலைமுடியும் பட்டுப்பாவாடையின் சரிகையும் கரைந்து வாட்டர்கலர் தீற்றலாகிவிடுகின்றன. பின்னணிச் சுவர் பளிச்சென்றும் முகம் மெழுகுபோலவும் இருக்கும் படங்கள் இப்படிப் பிறந்தவை. புரோவிலும் இதே கட்ட நிராகரிப்பு நடக்கும், ஆனால் அங்கே மிஞ்சும் ஒற்றைப் படத்திலேயே 2.6 மடங்கு ஒளி இருக்கிறது.

வீடியோவில் நிலைமை இன்னும் கறார். நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு அதிகபட்சம் 1/30 நொடி, 60 என்றால் அதில் பாதி. முந்தைய ஃபிரேம்களைக் கொஞ்சம் துணைக்கு எடுத்துக்கொள்ளலாமே தவிர, பதினைந்தைச் சேர்த்து நிதானமாகக் கணக்குப் போட அவகாசமே இல்லை. இரவு வீடியோவில் பரப்புக்கு மாற்று கிடையாது.

ஜூமிலும் அப்படியே. 4 மடங்கு ஜூம் என்றால் சென்சாரின் நடுவிலிருந்து பதினாறில் ஒரு பங்கை மட்டும் வெட்டியெடுப்பது. 6ஏயில் அது முக்கால் மெகாபிக்சல். கை நடுக்க வித்தை ஓரளவு கைகொடுக்கும், முழுதாக அல்ல. புரோவில் தூரத்துப் பொருளை 4 மடங்கு பெரிதாக்கத் தனி டெலி லென்ஸ் உண்டு. நீளமான லென்ஸ் தொகுதியை 9 மில்லிமீட்டருக்கும் குறைவான கனத்தில் நிறுத்தி வைக்க முடியாது. அதனால் உள்ளே நுழைந்ததும் ஒளியை ஒரு முப்பட்டகம் 90 பாகை திருப்பி, போனின் அகலவாக்கில் ஓடவிடுகிறது. அதன் துளை எஃப் 3.5 மட்டுமே. வெளிச்சம் குறைந்தால் போன் அந்த லென்ஸைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு, பிரதான கேமராவையே வெட்டிப் பெரிதாக்கும். கண்டுபிடிப்பது சுலபம்: 4 மடங்கில் வைத்து டெலி லென்ஸை விரலால் மூடுங்கள். திரை இருண்டால் அது வேலை செய்கிறது. இருளாவிட்டால் காசு கொடுத்த லென்ஸ் சும்மா இருக்கிறது.

மலிவானது ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு. 6ஏயின் லென்ஸ் துளை குறுக்கே சுமார் 2.5 மில்லிமீட்டர், புரோவில் 3.7. துளை பெரிதானால் கூர்மையாக விழும் ஆழம் குறையும். பத்திரத்தின் பக்கத்தையோ மருந்துச் சீட்டையோ நெருங்கி எடுத்தால் புரோவில் நடு எழுத்து கூர்மையாகவும் ஓரங்கள் கலங்கியும் விழலாம். அப்போது போனைப் பின்னுக்கு நகர்த்தி, 2 மடங்கு ஜூமில் எடுத்தால் சரியாகிவிடும்.

கடையில் ஒப்பிடுபவர்கள் ஷோகேஸ் விளக்கின் கீழ் எடுத்துப் பார்த்து ஏமாறுகிறார்கள். அவ்வளவு வெளிச்சத்தில் எந்த சென்சாரும் அழகாகவே காட்டும். இரண்டு லென்ஸையும் துணியால் துடைத்துவிட்டு, கடையிலேயே இருட்டான மூலைக்குப் போங்கள். கூட வந்தவரை முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்லி இரண்டிலும் எடுங்கள். நைட் மோடை அணைத்துவிட்டு ஒன்று, போட்டு ஒன்று. சாதாரண மோடில் நீங்கள் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே பெரும்பாலான படங்கள் நினைவகத்தில் சேர்ந்திருக்கும். நைட் மோடில் பெரும்பாலும் அழுத்திய பிறகுதான் சேரும், அதனால் முடியும்வரை போனை நகர்த்தக்கூடாது. விரல் நுனியையும் தலைமுடியையும் பெரிதாக்கிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்க்க வேண்டாம், அது படத்தைச் சுருக்கி வித்தியாசத்தைத் துடைத்துவிடும். அதே மூலையில் பத்து நொடி வீடியோவும் எடுத்துவிடுங்கள். இரண்டு போனின் சென்சாருக்கும் உள்ள தூரம் வேறெதிலும் இவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரியாது.